பெயரைக் காத்து, பிழையை வெளியிடும் ‘கிராஸ்’ சேவை

சென்ற ஆண்டு நான் பணிபுரிந்த ஒரு கட்டுமானத் தளத்தில், மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது, சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிகத் தளம்) முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளில் ஒன்று, அடியில் வைத்த பலகை ஈர மண்ணில் புதைந்ததால் சாயத் தொடங்கியது. கம்பி கட்டுபவர் ஒருவர் பார்த்துக் குரல் கொடுத்ததால் வேலையை நிறுத்தி, மாற்று முட்டுக் கொடுத்தோம். யாருக்கும் காயமில்லை என்பதால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அடுத்த தெருவில் அதே மண்ணில் வேலை செய்யும் மேஸ்திரிக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவும் வழியில்லை. அந்த உறுத்தலோடு தேடியபோதுதான் பிரிட்டனில் இயங்கும் ‘கிராஸ்’ என்ற சேவை கண்ணில் பட்டது. அதன் அறிக்கைகளை இப்போது தவறாமல் படித்துவருகிறேன்.

2005இல் கட்டட அமைப்பின் பாதுகாப்புக்காகத் தொடங்கப்பட்ட இச்சேவை, லண்டனில் 72 உயிர்களைப் பறித்த 2017 கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்புத் தீ விபத்துக்குப் பிறகு, 2021 முதல் தீப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டது. விபத்து மட்டுமன்றி, நூலிழையில் தப்பிய நிகழ்வையும், மனத்தை உறுத்தும் குறையையும் இதற்கு எழுதி அனுப்பலாம். மொட்டைக் கடிதத்தை ஏற்பதில்லை. ஆனால் வெளியிடும்போது எழுதியவர், நிறுவனம், இடம் ஆகிய எல்லா அடையாளங்களையும் நீக்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் அறிக்கையோடும் வல்லுநர் குழுவின் கருத்துரை வருகிறது. இதன் உயிர்நாடி அதுதான் என்பேன். யார் செய்தார் என்று துருவாமல், எப்படி நேர்ந்தது, அடுத்தவர் எதைப் பார்க்க வேண்டும் என்று விளக்குகிறார்கள். படிக்கக் கட்டணம் இல்லை.

இதன் வலிமையும் எல்லையும் ஒரே நிகழ்வில் தெரிகின்றன. 2018இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியின் தொடக்கப் பள்ளி ஒன்றில், ‘ராக்’ எனப்படும் எடை குறைந்த கான்கிரீட் பலகைகளால் ஆன கூரை திடீரென இடிந்து விழுந்தது. வார இறுதி என்பதால் குழந்தைகள் இல்லை. இச்சேவையோடு இணைந்த குழு 2019 மே மாதமே எச்சரிக்கை வெளியிட்டு, 1980க்கு முந்தைய பலகைகள் ஆயுட்காலத்தைக் கடந்துவிட்டதால் அவற்றை மாற்றுவது குறித்து ஆலோசிக்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் 2023 ஆகஸ்டு இறுதியில், பள்ளிகள் திறக்கச் சில நாள்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூட வேண்டியதாயிற்று. எச்சரிக்க இவர்களால் முடியும். எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை.

வேறு குறைகளும் உண்டு. நடையும் சொற்களும் பொறியாளரை மனத்தில் கொண்டவை. கொத்தனாரோ சித்தாளோ தாமாகப் படிக்க இயலாது. ஏணியில் ஒருவர் கால் தவறுவது போன்ற நிகழ்வுகளுக்கும் இது இடமன்று.

அதனால் மாதம் ஓர் அறிக்கையை எடுத்து, காலையில் வேலை தொடங்கும் முன் தமிழில் சொல்லிவருகிறேன். தற்காலிக முட்டுகள் பற்றிச் சொன்ன அன்று மாலை, சென்ட்ரிங் தச்சர் ஒருவர் என்னை அழைத்துப்போய், உயரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ‘பின்’ என்ற இரும்பு ஆணிக்குப் பதிலாகக் கம்பித் துண்டு செருகியிருந்த நான்கு ஜாக்கிகளைக் காட்டினார்.