பயண சைக்கிளைப் பொது இடத்தில் பூட்டுதல்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாக இராமேசுவரம் வரையிலும், மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரையிலும் பைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்வருபவன் நான். 13 மி.மீ. தடிமனுள்ள எஃகு வளைவு கொண்ட சிறிய யூ-பூட்டு ஒன்றும் மெல்லிய கேபிள் ஒன்றும் பல ஆண்டுகளாக என்னுடன் வருகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ. மேட்டில் மிதிக்கும்போது அந்த எடை தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் அதைக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் ஊர் சைக்கிள்களில் வழக்கமாக வரும் பின்சக்கர வளையப் பூட்டு, சக்கரம் சுழலாமல் தடுக்குமே தவிர வண்டியை எதனோடும் பிணைப்பதில்லை. கனத்த பழைய சைக்கிளுக்கு அது ஓரளவு போதும். பைகளைக் கழற்றிய பயண சைக்கிளையோ ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கேபிளை மட்டும் நம்புவதும் சரியன்று, கட்டர் பட்டால் சில நொடிகளில் அறுந்துவிடும். இரும்பை அறுக்கும் மின்கருவியான ஆங்கிள் கிரைண்டருக்கு யூ-பூட்டும் நெடுநேரம் தாங்காது என்றாலும், அத்தனை சத்தத்தோடும் தீப்பொறியோடும் கடைத்தெருவில் நின்று அறுக்க எளிதில் யாரும் துணியமாட்டார்கள். வாங்கும்போது சாவியையும் பார்க்க வேண்டும். உருளை வடிவச் சாவி கொண்ட பூட்டுகளைப் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயாலேயே திறக்க முடியும் என்பது 2004-இல் அமெரிக்காவில் அம்பலமாகி, கிரிப்டோனைட் நிறுவனம் அத்தகைய பூட்டுகளை மாற்றிக் கொடுத்தது. தட்டைச் சாவியே நல்லது.

பூட்டும் முறையில் நான் பின்பற்றுவது, அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய வழி. இருக்கைக்குக் கீழுள்ள குழாயும் பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்களும் சேர்ந்த பிரேமின் பின்முக்கோணத்துக்குள் பின்சக்கரம் வரும் இடத்தில் ரிம்மையும் டயரையும் சுற்றி யூ-பூட்டை நுழைத்து, நிலையான கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், பிரேம் குழாயைப் பூட்டு தொடாவிட்டாலும் சக்கரம் முக்கோணத்தை விட்டு வெளியே வராது. ஆரங்களின் (ஸ்போக்ஸ் கம்பிகளின்) இழுப்பால் ரிம் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால், அதை அறுக்க முயன்றால் வெட்டு குறுகி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். பூட்டு சிறியதாக இருப்பதால் கடப்பாரையை நுழைத்து நெம்பவும் இடமிராது. முன்சக்கரத்தைக் கேபிள் பார்த்துக்கொள்கிறது. கையால் கழற்றும் க்விக் ரிலீஸ் அச்சுக்குப் பதிலாக ஆலன் சாவி (அறுகோண முனைத் திருகி) தேவைப்படும் அச்சைப் போட்டிருக்கிறேன்.

உண்மையான சிக்கல், எதில் பூட்டுவது என்பதுதான். கான்கிரீட் மின்கம்பத்தைச் சிறிய யூ-பூட்டு சுற்றிவராது. பெயர்ப்பலகைக் குழாய் வசதியாக இருக்கும். ஆனால் அடிப்பகுதி உறுதியாகப் பதிந்திருக்கிறதா, வண்டியை மேல்வழியாக உருவ முடியுமா என்பதைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே பூட்டுவேன். கடைக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஜன்னல் கம்பியிலோ கேட்டிலோ பூட்டுவது இதைவிட நல்லது, ஏனென்றால் அவரும் வண்டியின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தாலும், அங்குள்ளவர்களிடம் சொல்லி ஓரத் தூணோடு பூட்டிவிடுவேன். இரவில் தங்கும் லாட்ஜில், அறைக்குள்ளோ மாடிப்படியின் அடியிலோ வண்டியை வைக்க விடுவார்களா என்று கேட்ட பிறகே வாடகை பேசுகிறேன்.

பைகளை எந்தப் பூட்டாலும் முழுமையாகக் காக்க முடியாது. பணம், அடையாள அட்டை, கைபேசி ஆகியவற்றை ஹேண்டில் பையில் வைத்து, இறங்கும்போதெல்லாம் அதைக் கையோடு எடுத்துச் செல்கிறேன். தேநீர் குடிக்க நின்றாலும் வண்டி கண்ணில் படும் பெஞ்சில்தான் உட்காருவேன்.

பராமரிப்பில் கடற்காற்று ஒரு தனிக் கவலை. தனுஷ்கோடிப் பயணத்துக்குப் பிறகு சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. சாவித்துளையில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாவியை மெல்ல உள்ளே விட்டு எடுத்தபோது அதன் பள்ளங்களில் துருவும் மணலும் கருஞ்சேறாக ஒட்டிவந்தன. துணியால் துடைத்துத் துடைத்து மீண்டும் செலுத்திய பின் சாவி இலகுவாகத் திரும்பியது. தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், அது நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். அன்று முதல் சாவித்துளை தரையைப் பார்த்திருக்கும்படியே பூட்டுகிறேன். மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை.