ஏற்காடு கண்ணாடி போட்டோ: குடுக்கற காசுக்கு தகுமா?

ஏற்காட்டுல ஒருத்தர் பழைய முறையில கண்ணாடித் தகட்டுல போட்டோ எடுத்து தர்றாருங்க. ஒரு தகடு நாலாயிரம். எங்க பெரியப்பா 71 சண்டையில போயிட்டாரு, மிலிட்டரி டிரஸ்ல அவரோட ஒரே போட்டோ இருக்கு, அதுவும் வெளுத்துக்கிட்டே வருது, சரி கண்ணாடியில காப்பி எடுத்துடலாம்னு பெரியம்மாவயும் கூட்டிட்டு போனோம்.

அவரு போட்டோவ பாத்துட்டு, காப்பிக்கு இது வேஸ்ட்டுங்க, சேலத்துல ஸ்கேன் பண்ணா இதவிட தெளிவா வரும், அம்மா இத பக்கத்துல வச்சிட்டு உக்காரட்டும்னாரு. இதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

1851ல ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை இது. கண்ணாடியில கொலோடியன்ங்கற, ஈதர் கலந்த பிசுபிசுப்பான திரவத்த ஊத்தி, சில்வர் நைட்ரேட்ல முக்கி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து கழுவிடணும், பத்து பதினஞ்சு நிமிஷம்தான் டைம். சேலம் வெயில்ல ஈதர் சட்டுனு பறந்துடும், மலைக்குளிரு இதுக்கு தோதுன்னாரு. 1855ல கிரிமியா போருக்கு படம் எடுக்க போன இங்கிலாந்து போட்டோகிராஃபர் ரோஜர் ஃபென்டன் ஒயின் வியாபாரி வண்டி ஒண்ண டார்க்ரூமா மாத்தி கொண்டு போனாராம். செகண்டு கணக்குல அசையாம இருந்தாத்தான் படம் பதியும்ங்கறதால அவரு எடுத்ததுல சண்டை நடக்கறதே கிடையாது, பீரங்கி குண்டு சிதறிக் கெடக்கற பள்ளத்தாக்கு ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க, ஆளே இல்ல, அதுதான் வயித்த பெசையுது.

எங்க தகட்டுலயும் இதே கததான். பெரியம்மா தலைய பின்னாடி ஒரு கம்பியில சாய்ச்சு வச்சும் மூச்சு விட்டதுல முகம் லேசா கலங்கிடுச்சு, மேசையில வச்ச பெரியப்பா மட்டும் பளிச்சுனு இருக்காரு. காசு வேணாம் இன்னொன்னு எடுக்கலாமான்னு கேட்டாரு, பெரியம்மா இதே இருக்கட்டும்னுட்டாங்க.

கொறையும் இருக்கு. இடம் வலம் மாறித்தான் வரும்னு முன்னாடியே சொல்லல, பெரியப்பா மெடல் வலது பக்கம் போயிடுச்சு. செவப்பு கலரு கருப்பா விழும், அதனால பெரியம்மாவோட அரக்கு சேலை மொத்தமும் கருப்பு, வெளிர் கலரு கட்டிட்டு போங்க. ஈதர் நெடி தாங்கல, ஆஸ்துமா இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க. மூடுபனி எறங்கிட்டா வெளிச்சம் பத்தாது, இன்னும் நேரம் அசையாம உக்காரணும், வயசானவங்கன்னா வெயில் நாளா பாத்து போங்க. பேக்கிங்குக்கு வெறும் நியூஸ்பேப்பர்தான், அத்தன கொண்டை ஊசி வளைவுலயும் மடியில வச்சு இறக்கறது பெரும்பாடு, ரெண்டு தடி துண்டு கையோட எடுத்துட்டு போயிடுங்க.

அஞ்சுக்கு நாலு.