14,800 ரூபாய் போச்சு, லைட்டை இன்னும் கையாலதான் போடுறோம்

இன்னைக்கு சாயங்காலம் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே இதை மனசுக்குள்ள எழுதத் தொடங்கிட்டேன். தக்கலை வந்து இறங்குறதுக்குள்ள ஆத்திரம் குறையும்னு பார்த்தா, கூடத்தான் செய்யுது. கடைப் பேரைப் போடல. வீட்டுக்கு கேமரா, இன்வெர்ட்டர், இப்போ ஸ்மார்ட் சாமான் எல்லாம் மாட்டிக் கொடுக்கிற கடைன்னு மட்டும் வச்சுக்கிடுங்க. வாங்குறதுக்கு முன்னால என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு கட்டிலோட கிடக்காவ. ராத்திரி பேனைப் போட, நிறுத்த, லைட் போட, ஒவ்வொண்ணுக்கும் அம்மையை எழுப்பணும். அம்மைக்கு மூட்டுவலி. ஸ்மார்ட் ஸ்பீக்கர் வச்சா படுத்த இடத்திலிருந்தே சத்தம் கொடுத்தா போதும்னு ஸ்கூலில் கூட வேலை பாக்கிற டீச்சர் சொன்னாங்க. சீட்டு பிடிச்ச பைசா கையில் இருந்துது. போனேன்.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்த ஸ்பீக்கரும் இந்த சுவிட்சும் பல்பும் ஒண்ணுக்கொண்ணு சேருமா? தனியா வேற ஏதாவது வாங்கணுமா?"

"டீச்சரே, ஒண்ணும் பயப்படண்டாம். எல்லாம் சேரும். வீட்டில வைஃபை இருக்குல்லா? அது போதும்."

சொல்லிட்டு, கடைக்காரர் மேசையில் இருந்த சுவிட்ச் போர்டைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னார். டக்குன்னு லைட் எரிஞ்சுது. அப்பாவுக்குக் காட்டலாம்னு போனில் வீடியோ எடுத்தேன். அதுக்குள்ள சாயா வந்துட்டு. சாயா குடிக்கும்போது, "எனக்க அம்மையும் ஒரு வருஷம் இப்படித்தான் கிடந்தாவ"ன்னு சொன்னார். அந்த ஒரு பேச்சில் விழுந்துட்டேன். விலை பேசவே இல்ல. ஒரு ஸ்பீக்கர், சுவிட்சுக்குப் பின்னால வைக்கிற மாடியூல் நாலு, பல்பு ரெண்டு, மாட்டுற கூலி, எல்லாம் சேர்த்து 14,800. பத்தாயிரம் போனில் அனுப்பினேன், மீதி 4,800 ரொக்கம். கையில் தந்தது எஸ்டிமேட்னு அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டு. "பில்லு பொறவு தாறேன் டீச்சரே."

மறுநாள் ஒரு பையன் வந்து சுவிட்ச் பாக்ஸைத் திறந்தான். எங்க வீடு பழைய வீடு. உள்ளே ரெண்டு வயர்தான், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயர் கிடையாது. இந்த மாடியூலுக்கு நியூட்ரல் வேணுமாம். அது கடையில் தெரியாதா? எங்க எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு லைன் இழுத்தோம், அது தனிச் செலவு. எல்லாம் மாட்டின பொறவு ஸ்பீக்கர், புது டிவைஸ் ஒண்ணும் கிட்டலன்னு இங்கிலீஷில் சொல்லிச்சு. பத்து தடவை தேடினாலும் அதே பதில். பையன், "நெட் ஸ்லோவா இருக்கு, ராத்திரியில தானா சேந்துக்கிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

தமிழும் புரியும்னு சொல்லித்தான் வித்தாங்க. அப்பா ரெண்டு நாள் "லைட்டைப் போடு, லைட்டைப் போடு"ன்னு கெஞ்சிப் பாத்தாவ. எங்களுக்குத் தந்த ஸ்பீக்கருக்கு இங்கிலீஷும் இந்தியும்தான். "இது என்னத்துக்கு ராத்திரி கிடந்து சலம்புது"ன்னு துண்டை எடுத்து அதை மூடிட்டாவ.

பொறவு தொடங்கிச்சு போன் படலம். முதல்ல கடைக்காரர் ரௌட்டர் கேடுன்னார். நானே உக்காந்து, ரௌட்டர் விடுற ரெண்டு வைஃபை அலையையும், 2.4 கிகாஹெர்ட்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸையும், தனித்தனிப் பேரில் பிரிச்சேன். பல்பு ரெண்டும் உடனே சேந்துட்டு. இந்த மாதிரி வைஃபை பல்பில் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் வேலை செய்யும். அப்போ ரௌட்டர் மேல தப்பில்லல்லா? அதைச் சொன்னா, "பையனை அனுப்புறேன்"னார். பையன் வரல. வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வேற நம்பரிலிருந்து கூப்பிட்டா, "சாப்பிட்டுட்டு இருக்கேன் டீச்சரே." சாயங்காலம் நாலரைக்கு!

பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் படிக்கிற பையன்தான் மாடியூலைக் கழற்றி, பின்னால இருந்த எறும்பு எழுத்தைப் படிச்சான். ஜிக்பீ. வைஃபை ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் அது வேற பாஷை. வைஃபைக்குப் புரியாது, நடுவில் பேச்சை மாத்திக் கொடுக்க ஹப்னு ஒரு பெட்டி வேணும். சில பெரிய ஸ்பீக்கருக்குள்ளேயே அந்த ஹப் இருக்கும். எங்களுக்குத் தந்தது சின்ன மாடல், அதில் கிடையாது.

அப்போ கடையில் எப்படி எரிஞ்சுது? நான் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தோம். காலண்டருக்குக் கீழே, அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் நீல வெளிச்சம். அதுதான் ஹப். தனக்குப் பின்னால வச்சுக்கிட்டுத்தான் "வைஃபை போதும்"னு சொல்லியிருக்கான்.

(மரியாதை விட்டுப் போச்சு. போகட்டும்.)

அந்த வீடியோவோட இன்னைக்குப் போனேன். பாத்தான், சிரிச்சான். "ஹப் தனியா 3,500 ஆகும் டீச்சரே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." திருப்பி எடுங்கன்னேன். "சீல் பிரிச்சாச்சுல்லா." பில்லாவது தாங்கன்னேன். "கம்ப்யூட்டர் கேடு." இன்னைக்கு சாயா வரல. 14,800 ரூபாய்க்கு எனக்கு மிச்சம், ரெண்டு பல்பும் பாட்டு படிக்கிற ஒரு உருண்டையும்.

1915, நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியப் போறேன். பத்தாயிரத்துக்குப் போனில் ஆதாரம் இருக்கு. ரொக்கமா கொடுத்த 4,800க்கு அந்தத் துண்டுச் சீட்டுதான். அதில் கையெழுத்துகூட இல்ல. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், நேரமில்ல. பெட்டியில் வைஃபையா ஜிக்பீயான்னு பாத்துட்டு வாங்குங்க. பல கம்பெனி சாமானும் ஒண்ணுக்கொண்ணு சேரும்னு போடுற மேட்டர் முத்திரை இருந்தாலும், அது வைஃபையா த்ரெட்டான்னு கேளுங்க. த்ரெட்டும் ஜிக்பீ மாதிரி வேற பாஷை, அதுக்கும் நடுவில் ஒரு பெட்டி வேணும். பழைய வீடுன்னா முதல்ல சுவிட்ச் பாக்ஸைத் திறந்து நியூட்ரல் இருக்கான்னு பாருங்க. உங்க வீட்டில், உங்க ரௌட்டரில் ஓட்டிக் காட்டின பொறவு பைசா கொடுங்க. பில் இல்லாம கொடுக்காதீங்க. கடையில் ஓட்டிக் காட்டினா அலமாரியைப் பாருங்க.

அப்பா கூப்பிடுறாவ. பேனைப் போடணும்.