கிட்டார் பெடலில் "டிரான்சிஸ்டர் போச்சு" என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் கிட்டார் வாசிப்பவர்கள் டிசம்பர் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 1,800 ரூபாய் ஒரு தடவை, 700 ரூபாய் இன்னொரு தடவை போனது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை, போட்டாலும் அடுத்த மாதம் போர்டை மாற்றிவிடுவார்கள்.

ராத்திரி வீடு வீடாகப் போகையில் பிளக் பாயின்டுக்கு எங்கே போவது? ஆம்ப், பெடல் எல்லாமே பேட்டரியில்தான் ஓடும். போன நவம்பரில் பிராக்டிஸின்போது என் ஓவர்டிரைவ் பெடல் (கிட்டார் சத்தத்தை முறுக்கிக் கனமாக்கும், காலால் மிதிக்கிற பெட்டி) திடீரென்று கெட்டுப்போன மாதிரி கத்தியது. கம்பியைத் தட்டிய உடனே ஒரு கரகரப்பு, அப்புறம் சத்தம் நீளாமல் பாதியிலேயே அறுந்துவிடும். சைக்கிள் பம்பில் காற்று போகிற மாதிரி. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்ததால் பேட்டரி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் நான் பண்ணிய முதல் தப்பு.

ஜங்ஷன் பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை, ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "டிரான்சிஸ்டர் போயிட்டு தம்பி, ஒரிஜினல் வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்" என்றார். ஒன்பதாம் நாள் வாங்கினேன். கடையில் வாசித்துப் பார்த்தால் புதுப் பெடல் மாதிரி முழங்கியது, 1,800 ரூபாயைச் சந்தோஷமாகவே கொடுத்தேன். பில் கேட்டதற்கு "சர்வீஸுக்கு எதுக்குப் பில்லு" என்று சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மூன்றே நாளில் பழைய கரகரப்பு திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பெடலில் இன்புட் ஜாக்கில் கேபிளைச் செருகினாலே பேட்டரி ஆன் ஆகிவிடும், காலால் மிதித்து அணைத்தாலும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்து கேபிளைப் பிடுங்காமல் திங்கள்கிழமை வரை போட்டு வைத்திருந்தேன், பேட்டரி காலி. இதை அந்த அண்ணாச்சி ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறுபடி போனபோது, "சாதா பேட்டரிக்கு இப்படித்தான், இதுக்குன்னே டோன் பேட்டரி இருக்கு, ஃபாரின்" என்று கறுப்பு உறை போட்ட ரெண்டு பேட்டரியை ஒன்று 350 ரூபாய் என்று தலையில் கட்டினார். ஒன்றை ஓவர்டிரைவிலும் இன்னொன்றை, எதிரொலி தரும் டிலே பெடலிலும் போட்டேன். டிலே முதல் நாள் ரவுண்ட்ஸில் சமாதானபுரம் தாண்டவில்லை, பாட்டு நடுவில் செத்துவிட்டது.

சேரன்மகாதேவியில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த என் சித்தப்பாவிடம் கொண்டு போனேன். அவர் பேட்டரியின் கறுப்பு உறையை பிளேடால் கீறி உரித்தார். உள்ளே வழக்கமான தகர டப்பா, மேலே 6F22 என்று அச்சடித்திருந்தது. அந்தக் குறி இருந்தால் கார்பன் ஜிங்க் பேட்டரி, எலெக்ட்ரிக்கல் கடையில் முப்பது ரூபாய் சொச்சத்துக்குக் கிடைப்பது. ஆல்கலைன் என்றால் 6LR61 என்று இருக்கும். வாங்கும்போது இதைப் பாருங்கள், உறை போட்டு மறைத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

அப்புறம் மீட்டரை வைத்தார். சும்மா அளந்தால் 8.6 வோல்ட், நல்லாத்தானே இருக்கு என்றேன். "வேலை குடுத்து அளக்கணும்டே" என்று டிலே பெடலை மாட்டி அளந்தார். முள் சரசரவென்று ஆறுக்கும் கீழே இறங்கியது. கார்பன் பேட்டரிக்கு உள்தடை (பேட்டரிக்குள்ளேயே கரன்ட்டை மறிக்கும் தடை) அதிகம், தேயத் தேய இன்னும் ஏறும், அதனால் கொஞ்சம் கரன்ட் இழுத்தாலும் வோல்டேஜ் சரிந்துவிடும். ஓவர்டிரைவ் சில மில்லியாம்ப் கரன்ட்தான் இழுக்கும், என் டிஜிட்டல் டிலே ஐம்பது அறுபது இழுக்கும், அதுதான் அது முதலில் செத்தது. ஓவர்டிரைவில் உள்ளே இருக்கும் ஐசி சிப், ஒன்பது வோல்ட்டில் பாதியை நடுவாக வைத்துக்கொண்டு சத்த அலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. வோல்டேஜ் இறங்கினால் ஆட இடம் குறைந்து, சத்தத்தின் தலையும் காலும் சீக்கிரமே வெட்டுப்படும். ரொம்ப இறங்கினால் அந்த அறுந்த சத்தம்.

ஓவர்டிரைவின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையும் திருப்பிக் காட்டினார். ஈயப்பற்று எல்லாம் ஒரே மாதிரி மங்கி இருந்தது, ஒரு இடத்தில்கூடப் புது ஈயத்தின் பளபளப்பு இல்லை. மூலையில் பழைய தூசி அப்படியே படிந்திருந்தது. எந்த டிரான்சிஸ்டரையும் யாரும் தொடவில்லை. ஆக அந்த ஒன்பது நாளில் நடந்த ஒரே வேலை, பேட்டரி மாற்றியது.

இதில் வயிறெரிச்சல் என்னவென்றால், "டோன் பேட்டரி" என்பது முழுப் பொய்யும் இல்லை. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரி, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் பெடல்களுக்கு (சத்தத்தை ரொம்பவே சிதைப்பவை) உள்தடை அதிகமான, கொஞ்சம் தேய்ந்த கார்பன் பேட்டரிதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் நிஜமாகவே உண்டு. அந்த சர்க்யூட் ரொம்பச் சின்னது, ரெண்டே டிரான்சிஸ்டர், வோல்டேஜ் கொஞ்சம் சரிந்தால் சத்தம் மென்மையாகும். ஆனால் அவர்கள் தேடுவது கடையில் இருப்பதிலேயே மலிவான பேட்டரியை! அதைத்தான் எனக்குப் பத்து மடங்கு விலைக்கு ஃபாரின் என்று விற்றார். ஓவர்டிரைவுக்கும் டிலேக்கும் இந்தக் கதை பொருந்தவே பொருந்தாது, நல்ல ஆல்கலைனோ, பிளஸ் மைனஸ் மாறாத, வோல்டேஜ் நிலையாக வரும் ஒன்பது வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டரோ போதும்.

திரும்பக் கடைக்குப் போய் உரித்த உறையை மேஜையில் வைத்தேன். "பில் இருக்கா தம்பி?" என்றார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

ஓவர்டிரைவில் போட்ட அந்த இன்னொரு பேட்டரியைக் கழற்றி நண்பனின் ஃபஸ் பெடலில் போட்டிருக்கிறோம். சொல்லக் கூடாது, அதில் நன்றாகத்தான் இருக்கிறது.