என்கிளெக்ஸ் 'அசல் கேள்வித் தொகுப்பு': பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

அமெரிக்க நர்சிங் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் ஆர்என் எழுதப் போகிறவர்களிடம் ஒரு பயிற்சி மையம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் தொகுப்பு விற்றுக்கொண்டிருக்கிறது. "போன மாசம் வந்த கேள்விகள், பாஸ் உத்தரவாதம், ஃபெயிலானால் முழுப்பணம் வாபஸ்" என்பது அவர்கள் பேச்சு. கட்டியவர்கள் கைக்கு வந்ததோ பழைய சரக்கு. அட்டை மட்டும் புதுசு.

முதல் பக்கமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. "75 முதல் 265 கேள்விகள், 6 மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்கள். அது எப்போதோ மாறிவிட்டது. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். நேரம் 5 மணி. அந்த 85க்குள்ளேயே மூன்று கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி அதன்மேல் கேட்பது, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். தொகுப்பில் ஒரு கேஸ் ஸ்டடிகூடக் கிடையாது.

'பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு' வகைக்கு, ஒன்று பிசகினாலும் பூஜ்யம் என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்போது சரிக்கு ஒன்று கூடும், தப்புக்கு ஒன்று கழியும், மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. நான்கு சரியான விடைகளில் உறுதியாகத் தெரிந்த மூன்றை மட்டும் தொட்டால் 3. சந்தேகத்தோடு இன்னொன்றைத் தொட்டு அது தப்பானால் 2.

விடைகளைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போட்ட ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு, "சிரிஞ்சில் காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேள்" என்பதை விடையாகக் குறித்திருக்கிறார்கள். ட்யூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். அதை நம்பி ஃபீடிங் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல்முறை ஃபீடிங்குக்கு முன் எக்ஸ்ரேதான் உறுதி. அதற்குப் பிறகு உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு), வெளியே தெரியும் ட்யூபின் நீளம். அவர்கள் குறித்த தப்பான விடையை மனப்பாடம் செய்தவர் மதிப்பெண் இழப்பதோடு நிற்கப்போவதில்லை, வார்டிலும் அதையேதான் செய்வார்.

'அசல் கேள்வி' என்பதும் பொய். கம்ப்யூட்டர் ஒவ்வொருவர் விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வியை எடுக்கிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு வருவதே உங்களுக்கும் வரும் என்றில்லை. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வையே தொடங்க முடியும். ஒருவேளை நிஜமாகவே கசிந்தது என்றால் இன்னும் மோசம், ரிசல்ட்டையே ரத்து செய்துவிடலாம்.

வாபஸ் விஷயம் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது: எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், எல்லா மாதிரித் தேர்விலும் 80 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுப்பவருக்கு இவர்கள் எதற்கு?

இன்னொரு வேலையும் நடக்கிறது. "ரெஜிஸ்ட்ரேஷன் நாங்களே செய்து தருகிறோம்" என்று தங்கள் மெயில் ஐடியைப் போட்டுவிடுகிறார்கள். தேர்வு எழுத அனுமதிக்கும் ஏடிடி கடிதம் அவர்களுக்கே போகிறது. பாக்கியைக் கட்டினால்தான் கொடுப்பார்கள். ஏடிடியில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு அப்படியே ஒத்துப்போகாவிட்டால் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள். 200 டாலர் கட்டணம் போச்சு. வெளிநாட்டு மையமென்றால் கூடுதலாகக் கட்டும் 150 டாலரும் போச்சு. இனிஷியலை விரித்து எழுதும் இடத்தில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களென்றால், அவர்கள் மெசேஜை அழிப்பதற்குள் சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரசீதின் இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேளுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்த பியர்சன் வியூ கணக்கில் மெயிலையும் பாஸ்வேர்டையும் இன்றைக்கே உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.