ஸ்லிதரிங்கா, ராப்பெல்லிங்கா? ஹெலிகாப்டரிலிருந்து இறங்க இரண்டு கயிறுகள்

2008 நவம்பர் 28 காலையில், பயங்கரவாதிகள் பிடித்துவைத்திருந்த மும்பை நாரிமன் ஹவுஸுக்கு மேலே ஓர் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து நின்றதும், என்எஸ்ஜி (தேசியப் பாதுகாப்புப் படை) வீரர்கள் கயிற்றில் சறுக்கிக்கொண்டு மொட்டைமாடியில் இறங்கியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் நேரலையாக ஓடிய காட்சி அது. (பாகிஸ்தானில் உட்கார்ந்து ஏவிவிட்டவர்களும் அதே டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கொடுமை.) அதை இன்றும் பலர் ராப்பெல்லிங் என்கிறார்கள். அது ராப்பெல்லிங் இல்லை. நம் படைகளில் அதற்கு ஸ்லிதரிங் என்று பெயர். வெளிநாடுகளில் ஃபாஸ்ட் ரோப்பிங்.

வித்தியாசம் கயிற்றிலேயே தெரிந்துவிடும். ராப்பெல்லிங் கயிறு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர், சுண்டுவிரல் பருமன்தான். ஸ்லிதரிங் கயிறு 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன், தேர் வடத்துக்குத் தம்பி மாதிரி. பின்னித் தயாரிப்பதால் அது முறுக்கிக்கொண்டு ஆளைச் சுழற்றாது. கனமாக இருப்பதால் இறக்கைக் காற்றிலும் அவ்வளவாக அலையாது. மெல்லிய கயிறு என்றால் நுனியில் எடை கட்டித்தான் கீழே போட வேண்டும்.

ராப்பெல்லிங்கில் வீரர் இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்ற பட்டைக் கட்டை மாட்டிக்கொள்கிறார். அதில் காரபினர் என்ற பூட்டுக் கொக்கி, எட்டு வடிவ வளையம் போன்ற ஒரு கருவி, அதன் வழியாகக் கயிறு. உடம்பின் எடையைத் தாங்குவது ஹார்னஸ். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நடுவானில் அப்படியே நின்றுவிடலாம். கைநழுவினாலும் கீழே கயிறு பிடிப்பவர் இழுத்து நிறுத்திவிட முடியும்.

ஸ்லிதரிங்கில் இது எதுவும் கிடையாது. இரண்டு கை, இரண்டு கால், ஒரு ஜோடி கனமான தோல் கையுறை, அவ்வளவுதான். ஈரத் துண்டைப் பிழிவதுபோலக் கயிற்றை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த உராய்வுதான் பிரேக். கோயில் திருவிழாவில் வழுக்குமரத்திலிருந்து சர்ரென்று இறங்குகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே முதுகில் மூட்டையும் நெஞ்சில் துப்பாக்கியும். கையுறை மலிவாக இருந்தால் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும். கருவிகளில் எதற்குப் பணம் போடுவது என்று கேட்டால் முதலில் கையுறை என்பேன்.

பிறகு ஏன் இந்த விஷப்பரீட்சை? வேகம். பிரிட்டனில் உருவாகி 1982 ஃபாக்லாந்து போரில் களம் கண்ட முறை இது. ஒருவர் தரையைத் தொடும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே கயிற்றில் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாகச் சறுக்கலாம். மாட்டுவதும் கழற்றுவதும் இல்லை. ராப்பெல்லிங்கில் இறங்கியவர் கயிற்றிலிருந்து தன்னை விடுவிக்கும்வரை ஹெலிகாப்டர் நகர முடியாது. பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் நான்கு கயிறு போட்டு இதைக் கொஞ்சம் ஈடுகட்டலாம்தான். ஆனால் கீழிருந்து சுடும்போது, அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரைவிடச் சுலபமான குறி வேறு இல்லை. விமானி சட்டென்று விலக வேண்டி வந்தால் ஸ்லிதரிங் ஆள் கையை விட்டுக் குதித்துவிடலாம். ராப்பெல்லிங் ஆள் கட்டிப்போட்ட ஆடு.

அந்த வேகத்துக்கு விலையும் உண்டு. 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் ஸ்லிதரிங்கில் இறங்கிய ஓர் அமெரிக்க ரேஞ்சர் படை வீரர் கயிற்றைப் பிடிக்க முடியாமல் சுமார் 70 அடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் சண்டை சூடுபிடிப்பதற்கு முன்பே அவரை முகாமுக்குக் கொண்டுபோக மூன்று ஹம்வீ வண்டிகளைப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

சரி, அப்படியானால் ராப்பெல்லிங் பாதுகாப்பானதா? கட்டுகளைச் சரிபார்க்கும் கண்கள் விழிப்பாக இருக்கும்வரை. அமெரிக்கக் காட்டுத் தீயணைப்பு வீரர்கள் வண்டி போகாத மலைச் சரிவுகளில் இந்த முறையில்தான் இறங்குகிறார்கள், தேவைப்பட்டால் 200 அடிக்கு மேலிருந்தும். அவ்வளவு உயரத்தைக் கைப்பிடியை மட்டும் நம்பி இறங்க முடியாது. ஸ்லிதரிங் கயிறே வழக்கமாக 60, 90 அடி நீளத்தில்தான் வரும். 2009 ஜூலையில் கலிபோர்னியாவின் வில்லோ கிரீக்கில், பயிற்சியின்போது ஒரு தீயணைப்பு வீரர் விழுந்து இறந்தார். இறங்கும் கருவியை அவருடைய ஹார்னஸோடு இணைத்த விதம் தவறாக இருந்தது. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தும் தப்பிவிட்டது. ஸ்லிதரிங்கில் பிழை செய்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். ராப்பெல்லிங்கில் பிழை ஹெலிகாப்டருக்குள்ளேயே நடந்து முடிந்து, காலை வெளியே வைக்கும்வரை சத்தமில்லாமல் காத்திருக்கும்.

என் கணக்கு இதுதான்: மொட்டைமாடி, கப்பல் தளம், எதிரி இருக்கும் இடம் என்றால் யோசிக்காமல் ஸ்லிதரிங். அடர்ந்த காடு, செங்குத்துச் சரிவு, கனமான சுமை என்றால் ராப்பெல்லிங்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம், ஹெலிகாப்டர் அசையாமல் நிற்க வேண்டும் என்பது. 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டு முற்றத்தில் ஸ்லிதரிங் செய்வதுதான் திட்டம். எதிர்பார்த்ததைவிட வெப்பமான காற்று, சுற்றிலும் உயரமான மதில். கீழே தள்ளிய காற்று மதிலில் மோதித் திரும்ப, தூக்குவிசை குறைந்து ஹெலிகாப்டர் முற்றத்தில் விழுந்தது. ஒத்திகைக்குப் போட்ட மாதிரி வளாகத்தில் மதிலுக்குப் பதில் கம்பிவேலிதான் இருந்ததாம். காற்று அதன் வழியாகப் போய்விட்டதால் இந்தச் சிக்கல் அங்கே தலைகாட்டவில்லை.

அப்புறம், இரண்டு கயிறுமே ஒருவழிப் பாதை. ஆளை ஹெலிகாப்டருக்குள் மேலே தூக்க வேண்டுமென்றால் வின்ச், அதாவது கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம், வேண்டும். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் ரோப்வே பழுதாகிப் பயணிகள் அந்தரத்தில் தொங்கியபோது, விமானப்படையின் கருட் சிறப்புப் படை வீரர்களை வின்ச்சில்தான் இறக்கினார்கள். ஒவ்வொருவராக, நிதானமாக. அப்படியும் மீட்பின்போதே இரண்டு பேர் விழுந்து இறந்தார்கள்.