கோட்டூர்புரத்தில் 'ரிவர் வியூ' வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் இருபது வருடம் குடியிருந்துவிட்டு 2023 பிப்ரவரியில் கோட்டூர்புரத்துக்கு மாறினோம். அடையாற்றைப் பார்த்த இரண்டாவது மாடி வீடு. வாடகை 62,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. எங்கள் சக்திக்கு மீறியதுதான். ஆனால் பால்கனியில் நின்று ஆற்றையும் மரங்களையும் பார்த்ததும் என் கணவர் சொக்கிப் போய்விட்டார். நானும்தான், பொய் சொல்வானேன். நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வேறு.

வீடு பார்க்கப் போன அன்றே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கார் நிறுத்துகிற ஸ்டில்ட்டில் எல்லா வீட்டு இபி மீட்டர்களும் தலைக்கு மேலே, ஏணி போட்டு ஏறிப் பார்க்கிற உயரத்தில் இருந்தன. ஜெனரேட்டர் நாலடி கான்கிரீட் மேடையில் உட்கார்ந்திருந்தது. "ஏன் இவ்வளவு உயரம்?" என்று புரோக்கரிடம் கேட்டேன். "சின்னப் பசங்க கை வெச்சிடக் கூடாதுன்னுதான் மேடம்" என்றார். நம்பினேன். ஸ்டில்ட் சுவர் முழுக்கப் பளபளவென்று கிரானைட் ஒட்டியிருந்ததை அழகு என்று நினைத்தேன். அதன் பின்னால் என்ன கறை இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

2015 வெள்ளத்தைப் பற்றியும் கேட்டேன். "அதெல்லாம் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பக்கம் மேடம். இங்க தெருவுல கொஞ்சம் நின்னுச்சு, அவ்ளோதான்." வீட்டு ஓனர் அமெரிக்காவில் இருக்கிறார். இங்கே பார்த்துக்கொள்ளும் அவருடைய மாமனாரும் அதையே சொன்னார்.

முதல் ஏமாற்றம் ஏப்ரலில் வந்தது. நாங்கள் பார்த்தபோது மழைக்காலத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கோடையில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் அதுவும் நகராமல் நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொசுவும் நாற்றமும் சேர்ந்து வர, பால்கனிக் கதவைத் திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் காபியோடு ஒரு அரை மணி நேரம், அது மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். மாதம் 62,000 கொடுத்தது அந்த அரை மணிக்காகத்தான்.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால்தான் ஆபத்து என்று நாங்கள் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அரைகுறைக் கணக்கு. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரும் இதே ஆற்றில்தான் வருகிறது. ஆறு கரையைத் தாண்டிக்கூட வர வேண்டியதில்லை. ஆற்று மட்டம் ஏறி மழைநீர் வடிகால் வாய் முழுகிவிட்டால், வடிய வேண்டிய தண்ணீர் திரும்பி வடிகால் வழியாகவே தெருவுக்கு வருகிறது. எங்கள் காம்பவுண்டுக்குள் அப்படித்தான் வந்தது. மதியத்துக்குள் இடுப்பளவு.

இரண்டாவது மாடிதானே, நமக்கென்ன என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம்! லிஃப்ட், மோட்டார், சம்ப், கார் எல்லாம் கீழேதானே இருக்கிறது. மூன்று நாள் கரண்ட் இல்லை. 78 வயது மாமியாரைக் கீழே இறக்க முடியவில்லை. சம்பில் சாக்கடை கலந்து, இரண்டு முறை கழுவி, லாரித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் குழாயைத் திறந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் என் கணவர் அவசரப்பட்டுக் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார். என்ஜின் போச்சு. இன்ஷூரன்ஸில் என்ஜினுக்கென்று தனிக் கவர் எடுக்கவில்லை, அதனால் அந்தச் செலவைத் தர மாட்டோம் என்றார்கள். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் அந்தக் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அந்த வாரம்தான் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் பேச்சு வந்தது. "இது என்னம்மா தண்ணி. பதினஞ்சுல உங்க கார் பார்க்கிங் சீலிங்குக்கு ஒரு அடிதான் பாக்கி. அதுக்கு அப்புறம்தான் மீட்டரெல்லாம் மேல ஏத்தினாங்க" என்றார். எங்களிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றார். நியாயம்தான். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் 29,000 கன அடி திறந்தார்கள் என்பதை நானும் அப்போது பேப்பரில் படித்தவள்தான். அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவில் ஏறியது என்று இஸ்திரிக்காரரிடமோ, பழைய வாட்ச்மேனிடமோ கேட்கத்தான் தோன்றவில்லை. வில்லங்கச் சான்றிதழில் இதெல்லாம் வராது.

2024 மார்ச்சில் காலி செய்தோம். 6,20,000 ரூபாய் அட்வான்ஸில் 1,48,000 பிடித்தார்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, பால்கனி கிரில் துருப்பிடித்ததற்கு ஒரு தொகை, கீழே முழுகிப்போன மோட்டாரில் 'எங்கள் பங்கு' என்று இன்னொன்று. வெள்ளத்தில் போன மோட்டாருக்குக் குடியிருந்தவர் பங்கு எப்படி என்று கேட்டதற்கு, "அக்ரிமென்ட்ல இருக்கு, படிச்சுப் பாருங்கம்மா" என்றார் மாமனார். இருந்தது. மெயின்டனன்ஸ் பற்றிய வரியில் எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். மீதிப் பணத்தை வாங்க ஐந்து மாதம் போன் செய்தேன். மூன்று தவணையாக வந்தது.

தெரிந்த வக்கீலிடம் போனேன். 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், பொதுவாக அட்வான்ஸும் மூன்று மாத வாடகைதான், ஆனால் நீங்களே வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். எங்களுடையது பதிவு செய்யாத பதினோரு மாத அக்ரிமென்ட். இதை வைத்துக்கொண்டு இழுத்தடிப்பதைவிட வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. வாங்கிக்கொண்டோம்.

போன மாதம் அதே வீட்டின் படங்கள் மறுபடி விளம்பரத்தில் வந்தன. 'அமைதியான ரிவர் வியூ', வாடகை 70,000. ஸ்டில்ட்டின் படமும் இருந்தது, மீட்டர் பெட்டிகள் வராத கோணத்தில். அதை எனக்கு அனுப்பியவர் அதே புரோக்கர்தான்: "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."